பெங்களூரில் மசாஜ் தெரபிஸ்ட் ஆக: எந்த கோர்ஸ், என்னென்ன பேப்பர், எவ்வளவு செலவு

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வருகிறவர்களும், இங்கேயே ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் வளர்ந்தவர்களும் மசாஜ் தெரபி படிக்க நினைத்தால் முதலில் கேட்பது இதுதான்: “எந்த சர்டிஃபிகேட் வாங்கினால் வேலை நிச்சயம்?” நேராகப் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. இன்ஸ்டிடியூட்டில் கேட்டால் “இன்றைக்கே கட்டினால் டிஸ்கவுன்ட்” என்பார்கள். ஸ்பாவில் கேட்டால் அனுபவம் இருக்கிறதா என்பார்கள். வீட்டில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அலைந்து, கேட்டு, வேலை பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். காசு கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

1. இங்கே பதிவு எண் என்று எதுவும் கிடையாது

டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்களும் 2021-ல் வந்த இணைநிலை சுகாதாரத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மசாஜ் தெரபிஸ்டுக்கென்று அப்படி ஒரு கவுன்சிலோ பதிவேடோ இந்தியாவில் இல்லை.

கனடாவில் இருக்கிறது. ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற சில மாகாணங்களில் அங்கீகரிக்கப்பட்ட கோர்ஸ் முடித்து, தேர்வு எழுதி, அந்த மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பெயர் சேர்த்த பிறகுதான் ஒருவர் தன்னை ‘ரிஜிஸ்டர்ட் மசாஜ் தெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்ள முடியும். புகார் வந்தால் விசாரணை உண்டு, பதிவும் போகலாம்.

அதனால் பெங்களூரில் ஒரு இன்ஸ்டிடியூட் “மூன்றே மாதத்தில் ரிஜிஸ்டர்ட் தெரபிஸ்ட்” என்று போர்டு வைத்திருந்தால், எந்த அமைப்பின் பதிவேட்டில் என் பெயர் ஏறும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் காட்டுவது தங்கள் கம்பெனியின் பதிவுச் சான்றாகத்தான் இருக்கும். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. விசிட்டிங் கார்டில் ‘டாக்டர்’ என்றோ ‘பிசியோ’ என்றோ போட்டுக்கொள்ளச் சொல்லும் இடங்களும் உண்டு. போடாதீர்கள். பிசியோதெரபி தனிப் பட்டப்படிப்பு.

2. எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்

கோர்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை தேடுவது தலைகீழ் வேலை. வேலை செய்யும் இடத்தைப் பொறுத்துத்தான் சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு.

இந்திராநகர், கோரமங்கலா பக்கத்து ஸ்பாக்களும் ஓட்டல்களும் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, அரோமா, பாலினீஸ் போன்ற மசாஜ் வகைகளைக் கேட்கும். அழகு மற்றும் நலத் துறைக்கான திறன் கவுன்சிலின் (தொழில்வாரியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு) ‘உதவி ஸ்பா தெரபிஸ்ட்’, ‘ஸ்பா தெரபிஸ்ட்’ சான்றிதழ்கள் இதற்குப் போதும். ஐந்து நட்சத்திர ஓட்டலோ கப்பல் ஸ்பாவோ குறி என்றால் சிடெஸ்கோ, ஐடெக், சிப்டாக் போன்ற வெளிநாட்டு டிப்ளமோக்களுக்கு மரியாதை அதிகம், செலவும் அதிகம்.

ஆயுர்வேத மையங்களில் கதை வேறு. அபியங்கம், பிழிச்சில், கிழி, சிரோதாரை போன்ற ஆயுர்வேதச் சிகிச்சை முறைகளில் கைப்பழக்கம் கேட்பார்கள். கேரளத்தில் ஆயுர்வேத தெரபிஸ்ட் கோர்ஸ் முடித்தவர்களோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் பஞ்சகர்மா டெக்னீஷியன் சான்றிதழ் இங்கே உதவும். இயற்கை மருத்துவம் என்றால் தும்கூர் சாலை ஜிண்டால், ஜிகணியில் எஸ்-வியாசா போன்ற பெரிய தங்கும் மையங்கள் இருக்கின்றன. இந்த இரண்டு வகையிலும் நீங்கள் டாக்டரின் சீட்டுப்படி வேலை செய்கிறீர்கள், சம்பளம் சில சமயம் ஸ்பாவைவிடக் குறைவு. ஆனால் நோய், மருந்து, தடை எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், தொழிலை ஊன்றிப் படிக்க நினைக்கிறவர்கள் முதல் ஒரு வருடத்தை இங்கே கழிப்பது நல்லது.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் ஆப் வேலை மூன்றாவது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

3. கோர்ஸில் சேரும் முன் கேட்க வேண்டியவை

நான் விசாரித்த வரையில் தனியார் குறுகிய கோர்ஸ்கள் சுமார் 20,000 முதல் 60,000 ரூபாய் வரை. வெளிநாட்டு டிப்ளமோ 1 லட்சத்தைத் தாண்டும், தேர்வுக் கட்டணம் பல இடங்களில் தனி. சொல்லும் தொகையோடு 18% ஜிஎஸ்டி சேருமா, யூனிஃபார்ம், கிட், எண்ணெய் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா வழியாகப் பயிற்சி இலவசம். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி “ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் 5,000” என்று ஒரு சென்டர் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சென்டர் உண்மையில் இருக்கிறதா என்று ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் கையால் செய்யும் பயிற்சி எவ்வளவு என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரு மேசைக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள். ஆறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் கை பழகாது. தேர்வு வைப்பது வெளியாளா, அவர்களே கேள்வி கேட்டு அவர்களே மார்க் போடுவார்களா என்பதும் தெரிய வேண்டும். திறன் கவுன்சில் தேர்வுக்கு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். சான்றிதழில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் விவரம் தெரியும். முன்பு படித்தவர் யாரிடமாவது சான்றிதழ் வாங்கி, ஸ்கேன் செய்து பாருங்கள்.

ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

ஏற்கெனவே சலூனிலோ ஆயுர்வேத மையத்திலோ சில வருடம் வேலை பார்த்தவர்கள் முழு கோர்ஸ் கட்டத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு திறன் கவுன்சில்களில் உண்டு. குறுகிய அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, பாஸானால் சான்றிதழ். இதைப் பற்றி இன்ஸ்டிடியூட்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

4. பேப்பர்கள்: தமிழர்களுக்கு இனிஷியலில்தான் கண்டம்

தேவைப்படுபவை: ஆதார், பான், பத்தாவது மதிப்பெண் சான்று, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், பதிவு பெற்ற டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று, போலீஸ் சரிபார்ப்புச் சான்று. பட்டியல் சின்னது. சிக்கல் பெயரில் வரும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாவது மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’, ஆதாரில் ‘எஸ். கவிதா’, பானில் ‘கவிதா செல்வம்’, வங்கியில் ‘செல்வம் கவிதா’ என்று நான்கு பெயராக நிற்கும். கோர்ஸ் விண்ணப்பத்தில் அவசரமாக ஒன்றை எழுதிக்கொடுத்தால், சான்றிதழ் ஐந்தாவது பெயரில் வரும். அதைத் திருத்துவது உங்கள் பாடு. சேருவதற்கு முன் பத்தாவது சான்றில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு ஆதாரை வைத்து பான், வங்கி. அது முடிந்த பிறகே கோர்ஸில் சேருங்கள். சில வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

போலீஸ் சரிபார்ப்புக்குக் கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லாதவர்கள் பெங்களூர் ஒன் மையத்தில் விசாரிக்கலாம். இங்கே தங்குகிற முகவரிக்குச் சான்று கேட்பார்கள். பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருந்தால் உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தமோ கடிதமோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் எடுங்கள். தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். ஆஃபர் கையில் வந்த பிறகு விண்ணப்பித்தால் சேரும் தேதி தப்பும். கோர்ஸ் முடியும் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். “பத்திரமாக லாக்கரில் இருக்கும்” என்று கேட்கும் ஸ்பாக்கள் உண்டு. வேலையை விடும்போது அதுவே பிணைக்கைதி ஆகிவிடும். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பயிற்சியில் எதைத் தவறவிடக் கூடாது

நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு கொடுத்தல் ஆகிய ஐந்தும் ஸ்வீடிஷ் மசாஜின் அடிப்படை. எந்த இன்ஸ்டிடியூட்டிலும் சொல்லித் தருவார்கள். பல இடங்களில் ஓட்டிவிடுவது எப்போது கை வைக்கக் கூடாது என்ற பாடத்தை. அங்கே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

ஒற்றைக் கால் மட்டும் வீங்கி, ஆடுசதை சூடாக, அழுத்தினால் வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் அந்தக் காலைத் தொடாதீர்கள். ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி இருக்கலாம். அமுக்கினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். நீண்ட விமானப் பயணம், சமீபத்திய அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் படுக்கை என்று சொன்னால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இந்த ஊரில் ஆடுசதை வலி என்று வரும் ஐடி ஆட்கள் நிறைய. பெரும்பாலானோருக்கு வெறும் களைப்புதான், ஆனாலும் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

காய்ச்சல், ஆறாத எலும்பு முறிவு, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், தொற்றும் தோல் நோய் இருந்தால் மசாஜ் வேண்டாம். படர்தாமரையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வோம், ஒரு துண்டு போதும் அது அடுத்தவருக்குப் போக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆழ்ந்த அழுத்தம் கொடுத்தால் கன்றிப்போகும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய டாக்டரின் சம்மதம் வேண்டும். பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சூடான கல் வைத்தால் சுடுவதே தெரியாது, மறுநாள் கொப்புளத்தோடு வருவார்கள். கர்ப்பிணிகளை மாதம் ஏறிய பிறகு மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி இல்லாமல் ஏற்காதீர்கள்.

கழுத்துச் சொடக்கு எடுப்பது நம் சலூன்களில் இலவச இணைப்பு. நீங்கள் செய்யாதீர்கள், கேட்டாலும் செய்யாதீர்கள். வெடுக்கென்று திருப்பும்போது கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். “அண்ணா, ஒரு தடவை மட்டும்” என்று கெஞ்சுவார்கள். சிரித்துக்கொண்டே மறுக்கப் பழகுங்கள்.

எண்ணெயில் கவனம். பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் உடம்பு. கட்டை விரலை நம்பித் தொழில் செய்தால் அதன் அடிமூட்டு சீக்கிரம் போய்விடும். முன்கை, முழங்கை, கைமுட்டி என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். மேசை உயரம், நீங்கள் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது விரல் முட்டிகள் தொடும் அளவு இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து உடல் எடையை முன்னோக்கிச் சாய்த்தால் அழுத்தம் தானாக வரும், தோள் நோகாது. ஒரு மணி நேர மசாஜ் ஒரு நாளில் நான்கைந்துக்கு மேல் போனால் கை தாங்காது. எட்டு எடுக்கச் சொல்லும் இடத்தில் நீண்ட நாள் நிற்காதீர்கள்.

6. மேசைக்கு வரும் முன் ஐந்து நிமிடம்

நல்ல தெரபிஸ்டைப் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். கிளையன்ட் வந்ததும் நேராக அறைக்கு அழைத்துப் போகாதீர்கள். உட்கார வைத்து, எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், என்ன ஒவ்வாமை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “இன்றைக்கு முதுகு, தோள், கால் செய்யப் போகிறேன், வயிறு வேண்டாமா?” என்று சம்மதம் கேளுங்கள். இடையில் மனம் மாறினால் சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உடை மாற்றும்போது வெளியே நில்லுங்கள். தட்டிவிட்டு உள்ளே போங்கள். எந்தப் பகுதியில் வேலை செய்கிறீர்களோ அதை மட்டும் திறந்து, மற்றதைத் துண்டால் மூடி, ஓரத்தை உள்ளே செருகி வைக்க வேண்டும். கிளையன்டே “துண்டு வேண்டாம்” என்றாலும் துண்டு இருக்கும். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

கன்னடம் கொஞ்சம் வேண்டும். “நோவு இதெயா?” (வலிக்கிறதா?), “சாகா?” (போதுமா?), “ஜாஸ்தி ஆய்தா?” (அதிகமாகிவிட்டதா?) இந்த மூன்றும் தெரிந்தாலே அழுத்தத்தைச் சரிசெய்துவிடலாம்.

முடிந்ததும் என்ன செய்தீர்கள், எங்கே இறுக்கம், அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அதைப் பூட்டி வைக்க வேண்டும். கிளையன்ட் உடம்பைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பேசுகிறவரோடு சேராதீர்கள். “இது நரம்பு, அது டிஸ்க்” என்று நோயின் பெயர் சொல்வது நம் வேலை இல்லை. மரத்துப்போகிறது, கால் பலம் குறைகிறது என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. சேரும் முன் அந்த இடத்தையே சோதியுங்கள்

ஸ்பா என்ற பெயரில் வேறு தொழில் நடக்கும் இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன, போலீஸ் சோதனைகளும் நடக்கின்றன. 1956-ம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் நடத்துகிறவரைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் அங்கே நின்ற உங்களுக்கும் அலைச்சல், அவமானம். அதனால் இன்டர்வியூவுக்குப் போகும்போது கண்ணைத் திறந்து வையுங்கள்.

டிரேட் லைசென்ஸ் சுவரில் இருக்கிறதா? பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சி போய் 2025-ல் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டதால், பழைய பெயரில் லைசென்ஸ் இருப்பதில் தப்பில்லை. காலாவதியாகாமல் இருந்தால் சரி. அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? டெல்லி அரசு 2021-ல் வெளியிட்ட ஸ்பா நெறிமுறைகள் அதைக் கூடாது என்றன. எந்த ஊருக்கும் நல்ல அளவுகோல் அது. பில் தருகிறார்களா, பணம் மேனேஜரின் சொந்த நம்பருக்குப் போகிறதா? “கஸ்டமர் சந்தோஷமாகப் போகணும், புரியுதா?” என்று இழுத்துப் பேசினால் டீயைக்கூட முடிக்க வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் கட்டாயம். அடிப்படைச் சம்பளம், இன்சென்டிவ், வார விடுமுறை, நோட்டீஸ் காலம் எழுதியிருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. உங்கள் பங்கு 0.75% மட்டும். இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பிஎஃப். “ட்ரெயினிங் பாண்ட், இரண்டு வருடம், இடையில் போனால் 50,000” என்ற தாளில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

பெண்கள் கவனிக்க: பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013, முதலாளியிடமிருந்து மட்டுமல்ல, கிளையன்டிடமிருந்து வரும் தொல்லைக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பாதியில் மசாஜை நிறுத்தி வெளியே வர உங்களுக்கு உரிமை உண்டு என்பதை மேனேஜர் வாயாலேயே முதல் நாளில் கேட்டு வாங்குங்கள்.

8. வீட்டுக்குப் போய்ச் செய்வது, தனியாகச் செய்வது

அர்பன் கம்பெனி போன்ற ஆப்கள் தாங்களே பயிற்சி கொடுத்துச் சரிபார்த்து எடுக்கின்றன. கமிஷன், பொருள் வாங்கும் செலவு, பெட்ரோல் கழித்துக் கையில் எவ்வளவு நிற்கும் என்று ஏற்கெனவே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். மடக்கு மேசை தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவது தினசரி வேலை. ஸ்கூட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். லொக்கேஷனை ஒருவருக்காவது பகிருங்கள், அவசர உதவி எண் 112 கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் அட்டை இலவசம், எடுத்து வையுங்கள். கர்நாடகம் 2025-ல் இப்படி ஆப் வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்று சமூகப் பாதுகாப்புச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது.

சொந்தமாகச் செய்தால் வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தனியறை எடுத்துப் போர்டு மாட்டுவதானால் டிரேட் லைசென்ஸ் வாங்க வேண்டும், வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மசாஜ் என்றாலே தர மறுக்கும் வீட்டுக்காரர்கள்தான் அதிகம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் தொழிலின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

9. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால்

பத்தாவது பாஸ் இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அனுமதி தேவை என்ற குறிப்பு) இருக்கும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வேண்டும். ஏஜென்ட் அந்தத் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

தமிழ்நாட்டில் படித்த பத்தாவது சான்றுக்கு முதல் சான்றொப்பம் தமிழ்நாட்டு அரசு வழியாகத்தான், கர்நாடகத்தில் நடக்காது. பிறகு வெளியுறவு அமைச்சகம், அமீரகம் என்றால் அதன் தூதரகமும். பெங்களூர் ஏஜென்ட் “எல்லாம் இங்கேயே முடித்துத் தருகிறேன்” என்றால், சென்னைக்கு யார் போவார்கள் என்று கேளுங்கள்.

கனடாவில் பதிவு வாங்க நினைப்பவர்களுக்கு இங்குள்ள மூன்று மாதச் சான்றிதழ் உதவாது. அங்கே கோர்ஸ் பெரும்பாலும் இரண்டு வருடம், ஆயிரக்கணக்கான மணி நேரம். உங்கள் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும்போது பாடவாரியாக எத்தனை மணி நேரம் என்ற பட்டியல் கேட்பார்கள். அந்தப் பட்டியலை லெட்டர்ஹெட்டில், சீலோடு, கோர்ஸ் முடிகிற நாளிலேயே வாங்கி வையுங்கள். சின்ன இன்ஸ்டிடியூட்கள் இடம் மாறும், மூடும். பிறகு தேடினால் அந்த மாடியில் மொபைல் கடைதான் இருக்கும்.